ஊர் என்று எழுதப்பட்ட பொட்டல்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே இளையரசனேந்தல் போகும் வண்டிப்பாதையில் பாதித் தூரம் போய், வடக்கே திரும்பி உடைமரக் காட்டுக்குள் இரண்டு மைல் நடந்தால் அந்தப் பொட்டல் வரும். 1947-ஆம் வருஷம் சித்திரை மாதம் ஏழு குடும்பங்கள் தங்கள் ஆடுகளோடு அங்கே போய் இறங்கின. கூட்டிக்கொண்டு போனவன் செல்லச்சாமி.

அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. பிறந்த ஊரில் மூன்று வருஷமாக மழை இல்லை. கிணற்றில் வாளி தரை தட்டியது. ஆடுகள் வேலியில் கிடந்த காய்ந்த பருத்திக் குச்சிகளைக் கடித்தன. ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று எல்லோரும் பேசினார்கள். எங்கே போவது என்று ஒருவரும் சொல்லவில்லை. செல்லச்சாமிதான் நாலு நாள் அலைந்து ஒரு ஜமீன் காரியஸ்தரைப் பிடித்து இந்த இடத்தைக் கேட்டு வாங்கினான். எழுத்து ஒன்றும் கிடையாது. காரியஸ்தர் வில்வண்டியை விட்டு இறங்காமலே கம்பை நீட்டிக் காட்டினார்.

"அந்த ஒத்தப் பனையில இருந்து ஓடை வரைக்கும் வெட்டித் திருத்திக்கோங்கலே. வெளஞ்சா ஜமீன் பங்கை அளந்திருங்க."

அவ்வளவுதான். அந்த வாய்ச்சொல்லை நம்பி ஏழு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். செல்லச்சாமி ஒன்றைச் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அவனுக்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

அவன் மனைவி பேச்சி அப்போது நிறைமாதம். வந்த பத்தாம் நாள், கூரை வேய்ந்து முடிப்பதற்குள், நான்கு கம்பு நட்டுச் சேலை கட்டிய மறைப்புக்குள் அவளுக்குப் பெண் பிறந்தது. சங்கரன்கோவில் அம்மனின் இன்னொரு பெயரை வைத்து ஆவுடை என்று கூப்பிட்டார்கள். அந்தப் பொட்டலில் பிறந்த முதல் பிள்ளை அவள்தான். பேச்சியின் அண்ணன் பிச்சையா ஆட்டுப்பாலில் சர்க்கரை போட்டு ஏழு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தான்.

முள்ளை வெட்டி எரித்து, வேரைப் பறித்து, கல்லைப் பொறுக்கி வரப்பாக அடுக்கினார்கள். முதல் வருஷம் கம்பு முழங்கால் உயரம் வந்து கருகியது. இரண்டாம் வருஷம் குதிரைவாலி வாய்க்கும் வயிற்றுக்குமாக வந்தது. கிணறு தோண்டினார்கள், முப்பது அடியில் பாறை. வெடி வைக்க வழியில்லை. ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்பினார்கள். குடிக்க அதுதான், ஆட்டுக்கும் அதுதான்.

கிழக்கே இரண்டு மைலில் ஒரு பெரிய ஊர் இருந்தது. இவர்கள் அதைப் பழையூர் என்றே சொல்வார்கள். பொட்டல் தங்கள் மேய்ச்சல் காடு என்பது பழையூர்க்காரர்கள் கட்சி. அது உண்மையும்கூட. அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து மாடு மேய்த்த இடம். ஊர்ப் பெரியவர் சங்கரபாண்டி ஒருநாள் ஆட்களோடு வந்து நின்றார்.

"செல்லச்சாமி, கஷ்டப்பட்டு வந்திருக்கியேன்னு இதுவரைக்கும் சும்மா இருந்தேன். எங்க மாட்டுக்கும் வயிறு இருக்கு. வேற இடம் பாரு."

"ஜமீன்ல சொல்லித்தான் இருக்கோம், அண்ணாச்சி."

"ஜமீனே இருக்கப் போறதில்லங்காங்க. அப்புறம் யாரைக் கேப்ப?"

அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. ஜமீன்களை ஒழித்துச் சட்டம் வந்தது. வாய்ச்சொல் கொடுத்த காரியஸ்தர் மதுரைப் பக்கம் மகனோடு போய்விட்டார். நிலத்தையெல்லாம் அளந்து, யார் யாருக்கு எது என்று எழுத சர்க்கார் சர்வே வரப்போகிறது என்று 1951 தை மாதம் தண்டோரா போட்டார்கள்.

செல்லச்சாமி சங்கரன்கோவிலுக்கு நடந்து போய், தேரடிப் பக்கம் மனு எழுதிக் கொடுக்கும் காசியைப் பார்த்தான். காசி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"எந்த வருசம் வந்தீரு?"

"நாப்பத்தேழு."

"அப்ப மனு போட்டுப் பிரயோசனம் இல்லவே. நாப்பத்தஞ்சுக்கு முன்னாலயே குடியிருந்தோம்னு காட்டணும்ங்காங்க. இல்லன்னா மேய்ச்சல் பொறம்போக்குன்னு ஒரே வரி எழுதிட்டுப் போயிருவாங்க."

"வீடு இருக்கு. வெள்ளாமை இருக்கு."

"வீட்டை நேத்துக் கட்டலாம். போன வாரம் பக்கத்துல ஒரு ஊர்ல ஆபீசர் என்ன கேட்டாரு தெரியுமா? உங்க செத்தவங்களை எங்கன பொதைச்சீங்க, அதைக் காட்டுன்னாரு. பொணம் விழாத இடத்தை ஊருன்னு எப்படிவே எழுதுவாங்க?"

திரும்பி நடந்த வழியெல்லாம் செல்லச்சாமி அதையே நினைத்துக்கொண்டு வந்தான். நாலு வருஷத்தில் பொட்டலில் ஒரு சாவு விழவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்ல மண், நோய் நொடி அண்டாத மண் என்று பெண் எடுக்கப் போன இடத்தில்கூடச் சொன்னார்கள்.

மறுநாள் காலை எல்லோரையும் ஆட்டுக்கிடைப் பக்கம் கூட்டி வைத்துச் சொன்னான். "மேற்கே சரிவுல பத்து மேடு போடுவோம். பெரிசு ஏழு, சின்னது மூணு. பச்சப் புள்ள சாகாத ஊருன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

வீரபாண்டி, அவர்களில் மூத்தவன், கோபக்காரன், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான். "உயிரோட இருக்கவனுக்கு இடம் வேணும்னு செத்தவனுக்கு இடம் போடுதியாக்கும்? நல்லதுக்கில்லவே இது."

"அப்ப எங்க போகலாம், நீரு சொல்லும். இன்னைக்கே மூட்டையைக் கட்டுதேன்."

வீரபாண்டி துண்டை மறுபடி தலையில் கட்டினான். பிச்சையா, "மண்ணைக் குமிச்சா மண்ணுதான். அதுக்குள்ள என்ன இருக்கு?" என்றான். பேச்சி மட்டும் எழுந்து நின்றாள்.

"எனக்குப் பிடிக்கல. வேண்டாம்னு சொல்லுதேன். அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குடிசைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே வேலை தொடங்கியது. குழி எதுவும் வெட்டவில்லை. பக்கத்து மண்ணை அள்ளிக் குவித்து, தெற்கு வடக்காக நீட்டி, தண்ணீர் தெளித்து அடித்தார்கள். புது மண் பளிச்சென்று தெரிந்தது. செல்லச்சாமி ஆடுகளையெல்லாம் ஓட்டி வந்து மேடுகளின் மேல் போகவிட்டான். மூன்று நாள், காலையும் மாலையும், ஆடுகள் ஏறி இறங்கி மிதித்து, பிழுக்கை போட்டு, மேடுகளின் ஓரம் சரிந்து, பத்து வருஷ வெயில் மழை பட்ட மாதிரி ஆயின. உடைந்த கலயங்களைத் தலைமாட்டில் பாதி புதைத்தார்கள். எருக்கஞ்செடியை வேரோடு கொண்டுவந்து இரண்டு மேட்டில் நட்டான் பிச்சையா. பெரிய மேடுகளுக்கு அவரவர் அப்பன் ஆத்தா பெயரைச் சொல்வதாகப் பேச்சு. சின்ன மேடுகளுக்கு யாரும் பெயர் சொல்ல முன்வரவில்லை. ஆபீசர் அதையெல்லாமா கேட்கப் போகிறார் என்று விட்டுவிட்டார்கள்.

மாசி மாதம் ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலுக்குத் தொப்பி. சங்கிலி பிடிக்கிற ஆட்கள் இரண்டு பேர், மம்பட்டியோடு ஒருவன். சங்கரபாண்டியும் பழையூர்க்காரர்கள் பத்துப் பேரும் கூடவே வந்தார்கள்.

"எந்த வருஷம் வந்தீங்க?"

"நாப்பத்திரண்டுல, சாமி" என்றான் செல்லச்சாமி.

"பொய்" என்றார் சங்கரபாண்டி. குரலை உயர்த்தவில்லை. "நாப்பத்தேழு சித்திரையில வந்தாங்க, ஐயா. அதுக்கு முந்தின மாசம் வரைக்கும் எம் மாடு இங்கன மேஞ்சுது."

ஆபீசர் குடிசைகளைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார், ஒன்றும் எழுதவில்லை. பிறகு, காசி சொன்ன மாதிரியே, "இடுகாடு எங்கே?" என்று கேட்டார். மேற்குச் சரிவுக்குக் கூட்டிப் போனார்கள். பெண்களும் பின்னாலேயே போய் ஒதுங்கி நின்றார்கள். ஒவ்வொரு மேட்டையும் காட்டி யார் என்று கேட்டார். எங்க சின்னையா, பிச்சையாவோட ஆத்தா, வீரபாண்டி தகப்பனார் என்று செல்லச்சாமி வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனான். ஆபீசர் நோட்டில் எழுதினார்.

"ஐயா" என்று சங்கரபாண்டி நடுவில் வந்தார். "இந்த மேட்டுக்குள்ள ஒரு எலும்பு கிடையாது. நான் சத்தியம் பண்ணுதேன். தோண்டிப் பாருங்க."

ஆபீசர் பென்சிலை நிறுத்தினார். ஆபீசர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைசியில் இருந்த சின்ன மேட்டைக் கைகாட்டினார். மம்பட்டிக்காரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் போய் மம்பட்டியை ஓங்கினான்.

அப்போதுதான் பேச்சி ஓடி வந்தாள். ஓடி வந்து அந்த மேட்டின் மேல் குப்புற விழுந்தாள்.

"எம் புள்ளையத் தொடாதீங்க சாமி! எம் புள்ளைய வெட்டிராதீங்க!"

மம்பட்டி அந்தரத்தில் நின்றது. ஆபீசர் தொப்பியைக் கழற்றினார். "யார் பிள்ளைம்மா? என்ன பேர்?"

அவள் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. பிள்ளை என்றதும் அவள் வாயில் வரக்கூடிய பெயர் ஒன்றுதான் இருந்தது.

"ஆவுடை."

"எப்போ?"

"நாப்பத்து நாலுல. தை மாசம். பால் குடிக்கிற புள்ள, சாமி." சொல்லிவிட்டு அவள் அழுத அழுகை பொய் அழுகை இல்லை. மண்ணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். மற்றப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள்.

தன் பெயர் காதில் விழுந்ததும், பெண்களுக்கு நடுவே நின்ற குழந்தை, "யம்மா" என்று ஓடி வந்து பேச்சியின் முதுகில் சாய்ந்தது. நாலு வயதுப் பிள்ளை.

"இது?" என்றார் ஆபீசர்.

பேச்சி எழுந்து உட்கார்ந்தாள். "இது ரெண்டாவது. இசக்கித்தாய்."

குழந்தை நிமிர்ந்து, "நான் ஆவு…" என்று தொடங்கியது. பேச்சி அதன் முகத்தைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள். அழுத்திய அழுத்தில் பிள்ளை திமிறியது.

சங்கரபாண்டி மூன்று எட்டுத் தள்ளித்தான் நின்றார். அவர் காதில் அது விழுந்தது. குழந்தையைப் பார்த்தார், பேச்சியைப் பார்த்தார். வாயைத் திறந்தால் ஏழு குடும்பமும் அன்றைக்கே மூட்டை கட்டும். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கலே போவோம்" என்று தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஆபீசர் எழுதி முடித்தார். "பெத்த பிள்ளை பேரைச் சொல்லி ஒரு தாய் பொய் சொல்ல மாட்டா" என்று சங்கிலிக்காரனிடம் சொன்னார். ஊர்ப் பெயர் என்ன என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் சலித்துப்போய் செல்லச்சாமிபுரம் என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் ஒரு கிடாயை அறுத்தார்கள். ஏழு வீட்டிலும் கறி வாசனை. செல்லச்சாமியைத் தோளில் தூக்காத குறை. பேச்சி சாப்பிடவில்லை.

"இனிமே இவளை இசக்கின்னுதான் கூப்பிடணும்" என்றாள் அவனிடம். "பேரெழுத, ஓட்டுக் கணக்கெடுக்கன்னு யாராவது வந்துக்கிட்டே இருப்பாங்க. செத்தவ பேரு இவளுக்கு எப்படி இருக்கும்?"

அதன்பிறகு குழந்தையை எல்லோரும் இசக்கி என்று கூப்பிட்டார்கள். குழந்தை திரும்பிப் பார்க்காது. இரண்டு மூன்று தடவை கூப்பிட்ட பிறகு, "நான் ஆவுடைல்லா?" என்று கேட்கும். பேச்சி குனிந்து வேலையைப் பார்ப்பாள். ஒருநாள் அது கேட்டது: "யம்மா, ஆவுடை எங்க போயிட்டா?" பேச்சி கையில் இருந்த அகப்பையைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் நின்றாள். நாளாக நாளாக இசக்கி என்றால் குழந்தை திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. அது பேச்சிக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

1952 கோடையில் ஓடை ஊற்று ஒடுங்கியது. ஒரு குடம் நிறைய அரைப் பகல் ஆகும். ஆடும் அங்கேதான் வாய் வைத்தது, துணியும் அங்கேதான் அலசினார்கள். பங்குனிக் கடைசியில் வீரபாண்டியின் மனைவி ஆறுமுகத்தாய்க்கு விடியற்காலையில் வாந்தியும் பேதியும் கண்டது. உச்சிப்பொழுதுக்குள் கண் உள்ளே போய்விட்டது, விரல் நுனி சுருங்கிவிட்டது. வெயில் தாழ்வதற்குள் போய்விட்டாள். அந்தப் பொட்டலில் விழுந்த முதல் சாவு அதுதான்.

வீரபாண்டி மேற்குச் சரிவுக்கு மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனான். எங்கே வெட்டுவது என்று தெரியாமல் நின்றான். இருக்கிற மேட்டையெல்லாம் தாண்டி இடம் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தில் வந்து நின்ற செல்லச்சாமியிடம் அப்போதுதான் வாய் திறந்தான்.

"குழி வெட்டாமலே மேடு போட்டியே. இப்ப குழி கேக்குதுலே, பாரு."

மறுநாள் இரண்டு பேர். அதற்கு மறுநாள் பிச்சையா. முந்தின நாள் செத்தவர்களுக்குக் காலையில் குழி வெட்டிவிட்டு வந்தவன், கைகால் கழுவும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பேச்சி அண்ணன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவன் மூச்சு அடங்கியபோது குடிசைக்குள்ளிருந்து குழந்தை கூப்பிட்டது.

"யம்மா, வயிறு வலிக்கு."

செல்லச்சாமி மாட்டு வண்டி கேட்டுப் பழையூருக்கு ஓடினான். வாந்திபேதி ஊருக்கு வண்டி தர எவனும் தயாராக இல்லை. சங்கரபாண்டி தானே வண்டியைப் பூட்டினார். அவர்கள் பொட்டலுக்கு வந்து சேர்ந்தபோது வண்டி தேவைப்படவில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. உயிர் இருந்தது, அவ்வளவுதான். குழந்தை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தது. கொடுத்தால் வாந்தி வரும் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். பேச்சி சேலைத் தலைப்பை நனைத்து உதட்டில் வைத்தாள்.

"இசக்கி" என்று கூப்பிட்டாள் ஒரு பெண்.

"அப்படிக் கூப்பிடாதீங்க" என்றாள் பேச்சி. குனிந்து காதுக்குள், "ஆவுடை, ஆவுடை, ஏட்டி ஆவுடை, அம்மா கூப்பிடுதேன்ட்டி" என்றாள். குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது. எந்தப் பெயருக்குத் திறந்ததோ. கொஞ்ச நேரத்தில் பார்வை அப்படியே நின்றுவிட்டது.

குழி வெட்ட ஆள் இல்லை. இருந்தவர்களில் பாதிப் பேர் படுத்துக்கிடந்தார்கள். செல்லச்சாமிக்குக் கை எழவில்லை. சங்கரபாண்டி மம்பட்டியை வாங்கிக்கொண்டார். மேற்கே நடக்கப் போனவரைப் பேச்சி மறித்தாள்.

"அங்கன வேண்டாம், அண்ணாச்சி. அந்தச் சரிவுல மட்டும் வேண்டாம்."

ஒற்றைப் பனைக்குக் கிழக்கே, வயல் வரப்பு ஓரத்தில் வெட்டினார். ஐம்பது வயதுக்காரர், வேர்த்து விறுவிறுத்து, யாரிடமும் மம்பட்டியைக் கொடுக்காமல் வெட்டி முடித்தார். எல்லாம் முடிந்து கை கழுவிவிட்டுச் செல்லச்சாமி பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னைக்கு எனக்குத் தெரியும்" என்றார். "புள்ள பேரைச் சொல்லிச்சு. என் காதுல விழுந்துச்சு. பொழைச்சுப் போகட்டும்னுதான் போனேன். அன்னைக்கு வாயைத் தொறந்திருக்கணும்."

செல்லச்சாமி அவர் காலில் விழப் போனான். அவர் நகர்ந்துகொண்டு வண்டியைத் திருப்பினார்.

ஐந்தாம் நாள் சைக்கிளில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் மைதீன் பாட்சா வந்தார். மீதி இருந்தவர்களுக்கு ஊசி போட்டார். ஊற்றுக்குள் மருந்துத்தூளைக் கொட்டினார். செத்தவர்கள் பெயரை எழுதிக்கொண்டார்: ஐந்து பேர். வீரபாண்டி அவரிடம் மேடுகளைக் காட்டி நடந்ததையெல்லாம் சொன்னான். ஊரே இதற்குத்தான் செத்தது என்றான். மைதீன் பாட்சா பொறுமையாகக் கேட்டார்.

"மேட்டுனால யாரும் சாகலப்பா. இது காலரா. தண்ணில வந்தது. இந்தப் பக்கம் நாலஞ்சு ஊர்ல இருக்கு, பழையூர்லயும் நேத்து ரெண்டு பேரு படுத்துட்டாங்க. அவங்க என்ன மேடு போட்டாங்க?" பிறகு செல்லச்சாமி பக்கம் திரும்பி, "ஆடு குடிக்கிற தண்ணியும் நீங்க குடிக்கிற தண்ணியும் ஒன்னா இருக்கக் கூடாது. இதை யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருக்கணும் உங்களுக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி என்று செல்லச்சாமிக்குப் புரிந்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஆனாலும் அது ஒரு உதவியும் செய்யவில்லை.

வீரபாண்டிதான் முதலில் கிளம்பினான். சொல்லிக்கொள்ளாமல், பிள்ளைகளை முன்னால் விட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான். ஆடிக்குள் மற்றவர்களும் போனார்கள். கூரைக் கம்புகளைப் பிடுங்கிக் கொண்டுபோனார்கள். செல்லச்சாமியும் பேச்சியும் மட்டும் புரட்டாசி வரை இருந்தார்கள். அந்தப் புரட்டாசியில் நல்ல மழை பெய்தது. திருத்திப் போட்ட நிலம் முழுவதும் புல் மண்டியது. விதைக்க ஆளில்லை. ஒருநாள் காலையில் பழையூர் மாடுகள் வந்து மேயத் தொடங்கின. செல்லச்சாமி விரட்டவில்லை.

இருவரும் மேற்கே, சிவகிரிக்குப் போனார்கள். மலைத்தண்ணீர் பாயும் ஊர். அவன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினான், அவள் நடவுக்குப் போனாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை.

ஒருதரம் செல்லச்சாமி சர்வே முகாம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போனான். பொய் சொன்னதை ஒத்துக்கொண்டு, செத்தவர் கணக்கில் இருந்த ஆவுடை என்ற பெயரை அடித்துவிடச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி. ஜெயிலுக்குப் போடுவார்கள் என்றே எதிர்பார்த்தான். குமாஸ்தா ஒருவர் கேட்டுக்கொண்டார். பாவப்பட்ட மனிதர்தான், ஒரு டம்ளர் மோர் கூட வாங்கிக் கொடுத்தார்.

"ஆபீசர் மாறிப் போயிட்டாருய்யா. எழுதினதை நான் அடிக்க முடியாது" என்றார். கொஞ்சம் யோசித்து, ஆறுதலாக நினைத்துக்கொண்டு, "பிள்ளை இறந்தது நெசந்தானே? வருஷம் மட்டும்தானே மாறிக் கிடக்கு" என்றார்.

செல்லச்சாமி வீட்டுக்கு வந்து அதைப் பேச்சியிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டான். அவள் களைக்கொத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நான் செஞ்சது" என்றான். "நான்தான் மேடு போட்டேன்."

"நீங்க மேடுதான் போட்டீங்க. பேரு போட்டது நான்தான்" என்றாள் அவள். அதை அவள் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்க, மற்றப் பேச்சையும் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அரிசி, தண்ணீர், வேலைக்குப் போகும் நேரம், இவ்வளவுதான் பேசினார்கள்.

1957 பங்குனியில் ஒருநாள், மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கிய இரண்டு பேர் யாரிடமாவது விசாரிக்கலாம் என்று முதலில் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. மூத்தவர் தன் பெயர் குருசாமி என்றார்.

"இங்கன செல்லச்சாமின்னு ஒருத்தர், சங்கரன்கோவில் கீழ்ப்பக்கத்துல இருந்து வந்தவர் இருக்காராமே?"

வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த செல்லச்சாமி நிமிர்ந்தான். "என்ன விசயம்?"

"நாங்க செல்லச்சாமிபுரத்துக்காரங்க. சர்க்கார் கணக்குல ஊருன்னு எழுதியிருந்த இடத்துல குடிவந்து மூணு வருசம் ஆச்சு. இருபத்தி ரெண்டு வீடு இருக்கோம். கிணறு வெட்டிருக்கோம், சர்க்கார்ல வெடி வச்சுக் கொடுத்தாங்க, தண்ணி கல்கண்டு மாதிரி இருக்கு." அவர் முகம் நிறைய அந்தச் சந்தோஷம் இருந்தது. "இந்தப் பங்குனியில கோயிலுக்கு முதல் கொடை போடுதோம். ஊரை உண்டாக்கினவரு எங்கயோ சிவகிரிப் பக்கம் இருக்காருன்னு பழையூர்ல சொன்னாங்க. அவருக்குத்தான முதல் மரியாதை? பரிவட்டம் கட்டிக் கூட்டிட்டுப் போகணும்னு ஊர்ல முடிவு. நீங்க…"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

செல்லச்சாமி கயிற்றைக் கீழே வைத்தான். "அவரு இல்ல" என்றான். "செத்துப் போயிட்டாரு. நாலஞ்சு வருசம் ஆச்சு."

"அடடா." குருசாமி தோள் துண்டைக் கையில் எடுத்தார். "பிள்ளைக யாராவது? வாரிசுன்னு ஒருத்தர் வந்து நின்னாலும் போதும்."

"பிள்ளை இல்ல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள். கொஞ்ச நேரம் துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி நின்றுவிட்டு, போய்வருகிறோம் என்று சொல்லிவிட்டு, வெயிலில் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார்கள்.

செல்லச்சாமி மறுபடி கயிற்றை எடுத்தான். உள்ளே இருந்து பேச்சியின் குரல் வந்தது.

"தூரத்துல இருந்து வந்தவங்க. சோறு இருந்துச்சே, சாப்பிடச் சொல்லியிருக்கலாம்."

அவன் எழுந்து தெருவுக்குப் போய்ப் பார்த்தான். அவர்கள் திருப்பம் தாண்டியிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவன் கூப்பிடவில்லை.